டீக்கடை டிவியில் ரஷீத் பாய்

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா வாங்கிய புதிதில் ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ரகசியத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. நம்பாதவர்கள் ஆம்பூர் தோல் மண்டியில் விசாரித்துக்கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ரஷீத் பாயின் தோல் பதனிடும் டேனரியில் மோட்டாரும் ஒயரிங்கும் பார்க்கிற வேலை. சொந்த ஊர் குடியாத்தம், வீட்டில் லுங்கித் தறி. தறியில் உட்காராமல் தப்பித்த முதல் ஆள் நான் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

மண்டியில் வாயால் விலை பேச மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையோடு கை கொடுத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலை அமுக்கியே பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். (எனக்கு அது சுத்தக் காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. விஞ்ஞானம் படித்தவன் அல்லவா!)

அந்த நேரம் பாய்க்கு ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. மண்டியில் முனிரத்தினம் என்ற வியாபாரியிடம் இறங்கியிருந்த ஆட்டுத்தோல் முழுவதும் கிடைத்தால்தான் ஆர்டர் கையில் நிற்கும். எந்த விலை வரை போகலாம் என்பதை மெட்ராஸ் ஏஜென்ட் டிரங்க் காலில் டேனரிக்குச் சொல்வார். அதை உடனே மண்டிக்குச் சொல்ல வேண்டும். மண்டியில் இருந்த ஒரே போன் அந்த முனிரத்தினத்தின் மேஜை மேலேயே இருந்தது.

"ஒயர்லெஸ் போட்டுடலாம் பாய்" என்றேன்.

"காத்துல பேசினா ஊரே கேக்காதா?"

"நாலா பக்கமும் எறைச்சாதான் கேக்கும். நான் ஆன்டெனாவ மண்டி பக்கம் திருப்பி வெச்சி ஒரே கோடா அனுப்புவேன். அந்தக் கோட்டுல நிக்கிற எனக்கு மட்டும்தான் கேக்கும்."

"இருந்தாலும் தரகருங்க பாஷையில மறைச்சி சொல்றேனே?"

"எதுக்கு பாய் பேஜாரு? காத்துக்கே பூட்டு போட்டாச்சி. தமிழ்லயே சொல்லுங்க."

பாவம், மனிதர் நம்பிவிட்டார்.

பழைய டிவி ஆன்டெனாவின் குழாய்களை அறுத்துப் புது ஆன்டெனா செய்து டேனரி மொட்டை மாடியில் நட்டேன். செட்டும் என் கைவேலைதான். (லைசென்ஸா? அதைப் பற்றி இப்போதும் பேச வேண்டாம்.) டேனரியில் பாய் பேசலாம், மண்டியில் நான் இயர்போனில் கேட்டுப் பேரம் முடிக்கலாம். நான் திருப்பிப் பேச வழி வைக்கவில்லை. சொல்லப்போவது அவர், எனக்கென்ன பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து கிரிக்கெட் மேட்ச். மண்டிக்கு எதிரே டீக்கடை டிவியில் பாதி ஊர் கூடியிருந்தது. நான் ஒரு தூணோரமாக இயர்போனைச் செருகிக்கொண்டு நின்றேன்.

"தம்பி, கேக்குதா? ஏஜென்ட் சொல்லிட்டாரு."

என்ன தெளிவு! பூரித்துப்போனேன். பாய் விலையைச் சொன்னார். எனக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்று இன்னொரு தரம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஏனோ குரல் இரட்டையாகக் கேட்டது. இயர்போனைக் காதிலிருந்து கழற்றினேன்.

பாயின் குரல் நிற்கவில்லை.

டீக்கடை டிவியில் பௌலர் ஓடி வருகிறார், பாய் பேசுகிறார். "அந்த முனிரத்தினத்துகிட்ட உஷாரு. ஓட்டைத் தோலை நடுக்கட்டுல சொருகுவான்." டீ ஆற்றுகிறவரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. முனிரத்தினம் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

அப்போதுதான் மேலே பார்த்தேன். மெட்ராஸ் இருப்பது ஆம்பூருக்குக் கிழக்கே, எங்கள் டேனரியும் மண்டிக்குக் கிழக்கே. மெட்ராஸ் படத்தைப் பிடிக்க ஊரிலுள்ள டிவி ஆன்டெனா எல்லாம் கிழக்கே பார்த்து வாயைப் பிளந்து நின்றன. நான் டிவியின் அலைவரிசையிலேயே ஒரே கோடாக அந்த வாய்களில் ஊட்டிவிட்டிருக்கிறேன். கோடு என்னோடு நின்றுவிடும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. சைக்கிளை எடுத்து மிதித்தேன். வழி நெடுக, டிவி இருந்த ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் பாய் கூடவே வந்தார். சுவிட்சை அணைக்காமலே கணக்குப்பிள்ளையிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்: "நம்ம பையன் இன்னா மூளை தெரியுமா!" அந்தத் தெருவிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன்.

மூச்சிரைக்கப் போய் சுவிட்சை அணைத்தேன். பாய் ஆவலோடு கேட்டார்.

"கேட்டுதா?"

"கேட்டுது பாய்."

"உனக்குத்தானே?"

"எனக்கும்."

பாய் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே துண்டை விரித்துக் கையை நீட்டினார்.

முனிரத்தினம் கையைக் கொடுக்கவில்லை. "துண்டு எதுக்கு பாய்? டிவியிலதான் சொல்லிட்டீங்களே. உங்களுக்கு மேல போட்டு வேற ஆளு வாங்கிக்கினு போய்ட்டாரு. ஓட்டைத் தோலோட சேத்து."

ஆர்டர் போனது. என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன். அனுப்பவில்லை. அதுதான் அதைவிடக் கொடுமையாக இருந்தது.

அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்குப் பாய் வந்தார். மேடையேறி, பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பெரிய துண்டை எடுத்து என் மனைவியின் கையில் கொடுத்தார். "இவன்கிட்ட எதுனா ரகசியம் பேசணும்னா இதுக்குள்ள கைய வெச்சி பேசும்மா" என்றார். பந்தி வரைக்கும் சிரிப்பு கேட்டது.

அந்தத் துண்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. போன மாதம் எங்கள் மகளுக்கு ஒரு நல்ல வரன் வந்த சேதியைச் சொல்ல மனைவி என்னைக் கூப்பிட்டாள். முதலில் போய் டிவியை அணைத்தாள். பிறகு பீரோவைத் திறந்தாள்.