பிரேக்கு இறக்காத டிராகன்

திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கூட்டத்தைவிட மனிதர்களை அதிகம் காக்க வைத்தவன் ஒருவன் உண்டென்றால், அது எங்கள் ஆபீஸ் பிரேக்குதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவன் பிரேக்கு.

ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பிரேக்கும் இன்னொரு சகா பிரபுவும் சீட்டு ஆடுவோம். ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள். டிராகன், மந்திரவாதி, வாள்வீரன் என்று படம் போட்ட சீட்டுகள். ஆளுக்கொரு கட்டு. படையை இறக்கி அடித்து, எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

பிரபு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவான். பிரேக்கு யாரையும் முடிக்க விடமாட்டான். நாம் வீரனை இறக்கினால் பனியில் உறைய வைப்பான். மந்திரவாதியை இறக்கினால், வந்த கைக்கே திருப்பி அனுப்ப ஒரு சீட்டு வைத்திருப்பான். எல்லாம் தாண்டிப் போனால் ஒரு சேற்றுக்குழி. சரி, அவனாவது நம்மை அடிப்பானா? அவனிடம் அடிக்கக்கூடியது ஒரே ஒரு டிராகன். அது கைக்கு வருவதற்குள் தோற்றுவிடுவான். ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

"ஏன்டா இப்படி உசுர எடுக்கற?"

"நீங்க ஆடுங்கக்கா. என்னா அவசரம்?"

இனி இவன் எதிரில் உட்கார மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரபு கனடாவுக்குக் கிளம்பிய நாள் பௌர்ணமியாக வாய்த்தது. ஊருக்குள் ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று பெட்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டான். சாயங்காலம் ஏர்போர்ட் கார் அங்கே வரும். அவன் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை. மனைவி முன்பே கனடா போய்விட்டாள். வழியனுப்ப நாங்கள் இரண்டு பேர்தான்.

மத்தியானம் பிரேக்கு அடுப்படிக்கு வந்து கிசுகிசுத்தான். "அக்கா, அவங்கப்பா போன் பண்ணாரு. இன்னிக்கு இவன் கெளம்பறான்னு நேத்து நான்தான் தகவல் சொல்லிருந்தேன். பஸ் ஏறிட்டாராம். நடுவுல மனசு மாறினாலும் மாறும், புள்ள ஏமாறக் கூடாது, அவன்கிட்ட சொல்லாதன்றாரு."

அந்த நேரம் பார்த்து பிரபு பெட்டியைத் தூக்கினான். "காரை முன்னாடியே வரச் சொல்லிடறேன்க்கா. இங்க உக்காந்துனு இருந்தா மனசு கெடுது."

"கடைசியா ஒரு ஆட்டம்டா," என்று பிரேக்கு கட்டைக் கலைத்தான்.

"உன்கூடவா? அஞ்சு நிமிஷத்துல முடிக்கறேன் பாரு."

உட்கார்ந்தான். உறைபனி, சேறு, மறுபடி உறைபனி. பிரபு தலையில் அடித்துக்கொண்டான். பிரேக்கின் போன் அடித்தது. நான் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். பிரபுவின் அப்பா.

"பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்கம்மா. கூட்டம் தள்ளினு போயி கிரிவலப் பாதையில உட்டுடுச்சு. செருப்பக் கழட்டிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டேன்."

"ஐயா, ஆட்டோ புடிச்சு வாங்க!"

"சாமியச் சுத்த ஆரம்பிச்சுட்டு பாதியில திரும்பறதா? முடிச்சுட்டு வந்துடறேன்."

"சீக்கிரமாவது நடங்கய்யா!"

"நெறமாச கர்ப்பிணி மாதிரி நடக்கணும்மா. ஓடக் கூடாது."

பதினாலு கிலோமீட்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரேக்கின் காதில் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு பிரபுவின் மந்திரவாதியைத் திருப்பி அனுப்பினான். டீ குடித்தான். கட்டைக் கலைத்தான். டீயைச் சிந்தினான். சிந்தியதைத் துடைத்தான். படுபாவி, எதையும் விடவில்லை.

வெயில் இறங்கியபோது பிரேக்கின் கைக்கு அந்த டிராகன் வந்தது. பின்னால் நின்ற நான் பார்த்தேன். பிரபுவின் படை மொத்தமும் உறைந்து கிடந்தது, தடுக்க ஆளில்லை, டிராகனின் ஒரே அடியில் ஆட்டம் முடிந்துவிடும். பிரேக்கு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கைச்சீட்டுகளின் கடைசியில் செருகிவிட்டு, சேற்றுக்குழியை இறக்கினான்.

கார் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் மேலேயே வந்துவிட்டார். "சார், இதுக்கு மேல போனா ஃப்ளைட்ட விட்டுடுவீங்க."

பிரபு சீட்டுகளைக் கீழே வைத்தான். "நீயே ஜெயிச்சதா வெச்சுக்கடா."

பிரேக்கு எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரே ஒரு மொற போடுடா. என் செல்லம் இல்ல?" பிரபு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

படியில் சத்தம் கேட்டது. செருப்பு கேரி பேகில், கால் வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார்.

"ரொம்ப லேட்டா வந்துட்டேன்டா."

"இல்லப்பா," என்று சொல்லிவிட்டு பிரபு தரையில் உட்கார்ந்து, கொப்பளித்துப் போயிருந்த அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதான். டிரைவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஏர்போர்ட் வரைக்கும் அப்பாவும் அதே காரில் ஏறிக்கொண்டார்.

கார் தெருமுனை திரும்பிய பிறகு பிரேக்கு அந்த டிராகனை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"ஜெயிச்சிருக்கலாம்க்கா."

"பார்த்தேன்டா."

சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"கலைச்சுப் போடு. மெதுவாவே ஆடு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."