சுத்தமான தொண்டை

தொண்டை பார்க்கும் ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். நீங்கள் "வணக்கம்" என்று வாயைத் திறந்தால், வணக்கத்தை விட்டுவிட்டு உள்நாக்கை நோட்டம் விடுவார்கள்.

நம் டாக்டரம்மா அதில் உயர்ந்த ரகம். காய்ச்சலோ வலியோ இல்லாமல் தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமியைச் சுமந்துகொண்டு ஓடியாடும் பிள்ளைகளைப் பற்றி ஆறு வருடமாக ஆராய்ச்சி. பஞ்சுக்குச்சியோடு பள்ளிக்கூடத்துக்குப் போவார், "ஆ காட்டு கண்ணு" என்பார், குச்சியை விட்டு ஒரு சுழற்று சுழற்றுவார், பிள்ளை குமட்டிக் கண்ணீர் விடும்போது கையில் ஒரு ஸ்டிக்கரைத் திணித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். அவரைக் கண்டாலே வகுப்பு மொத்தமும் வாயை இறுக மூடிக்கொள்ளும். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தங்கை மகளுக்கு மூன்றாவது தடவையாகத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. விடுவாரா? தங்கையின் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கும் குச்சியை விட்டுப் பார்த்ததில் கிருமி அகப்பட்டது. அவளுக்கோ ஒரு செருமல்கூட இல்லை. போதாதா? இனி அவளோடு விளையாடக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. இரண்டு வாண்டுகளும் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று சைகையில் பேசிக்கொண்டன. தங்கைக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அக்காவிடம் வாய் கொடுத்தால் குச்சி அல்லவா வரும்!

சோதனைக்கூடத்தில், பிள்ளைகளின் தொண்டையில் எடுத்த கிருமியை வளர்க்கும் தட்டுகளோடு ஒப்பிடக் கிருமியே இல்லாத தொண்டை ஒன்று தேவைப்பட்டது. வெளியே தேடுவானேன்? டாக்டரம்மா தன் தொண்டையிலேயே எடுத்து, தட்டின்மேல் 'சுத்தம்' என்று தன் கைப்பட எழுதி வைத்தார். மறுநாள் டெக்னீஷியன் தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம், 'சுத்தம்' தட்டுலதான் நல்லா வளர்ந்திருக்கு."

தட்டு மாறியிருக்கும் என்று டாக்டரம்மா சாதித்தார். மறுபடி எடுத்தார். மறுபடியும் அமோக விளைச்சல். அறிகுறியில்லாமல் சுமப்பவர்கள் அவ்வளவாகப் பரப்புவதில்லை என்று தன் கட்டுரையில் தானே எழுதிய வரி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் அது ஏன் நினைவு வரவில்லையோ!

மாலையில் தங்கை வீட்டில் உள்ளதைச் சொன்னார். குட்டி சற்று யோசித்தாள்.

"அப்ப இனிமே பெரியம்மாகூட விளையாடக் கூடாதா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு மணியை அழுத்தினார். கதவைத் திறந்த சிறுமி அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"குச்சி இல்லடா கண்ணு. தப்பு என் மேலதான். அவ காத்துட்டிருக்கா, போய் விளையாடு."

காது சிவக்க இதை எழுதுகிறவள் யார் என்று கேட்காதீர்கள். படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாரையோ நினைத்துச் சிரித்தீர்களே, அந்த ஆளை விடுங்கள்.

எங்கே, நீங்கள் ஆ காட்டுங்கள்.