பச்சைக் கட்டம்

நாலு மணிக்கு எடுத்த முதல் படத்தில், மகளின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரி அப்பியிருந்தது.

"வெளிச்சம் சரியில்ல" என்றார் குமாஸ்தா. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடமாக அடுத்தவர் நிரப்பிய படிவங்களில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம். தன் பக்கமும் தப்பு இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இதுவரை வந்ததில்லை. இன்றும் வரவில்லை.

மகளின் நர்சிங் படிப்புக்கு ஐந்து மணிக்குள் விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். போட்டோ மட்டும்தான் பாக்கி. 'நான் எடுக்கறேன், நான் எடுக்கறேன்' என்று ஒரு வாரத்தை அவரே ஓட்டிவிட்டார்.

"போன்லயே எடுத்துடலாம்பா. இல்லேன்னா எதிர்லயே ஸ்டுடியோ இருக்கு."

"எவன், அவனா? ஆட்டோவுல வெச்சு பட்டனை அமுக்கறவன்லாம் போட்டோகிராபரா?"

கேமரா டயலில், எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோவுக்கென்று ஒரு பச்சைக் கட்டம் உண்டு. வாங்கிய ஏழு மாதத்தில் குமாஸ்தா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சி-1, சி-2, சி-3 என்று மூன்று கஸ்டம் செட்டிங்குகளைச் சேமித்து, விவரத்தை நோட்டிலும் எழுதியிருந்தார். 'புகைப்படப் பயிற்சி அளிக்கப்படும்' என்று லிஃப்டில் நோட்டீஸ் வேறு. ஈ காக்கை கூட வரவில்லை.

அதனால் மனைவி, தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெண்ணை உள்ளே அழைத்து வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"கேமரா விஷயமா வந்திருக்காங்க. நான்தான் இவங்களை..."

"தெரியும், தெரியும். உட்காரும்மா. கண்ணால பார்த்தாதான் வித்தை வரும்."

"சரி சார், பார்க்கறேன்" என்று அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

குமாஸ்தா சி-1-ல் வெளிச்சத்தைக் கூட்டினார். பிறகு சொற்பொழிவு. "ஆட்டோங்கறது சோம்பேறிங்களுக்கு. கஸ்டம்னா கேமரா நாம சொன்னபடி கேக்கும்..."

கேட்டுக் கேட்டுக் கேமரா தூங்கிவிட்டது. கஸ்டம் செட்டிங்கில் எதை மாற்றினாலும் திரும்பச் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் தூங்கி எழுந்ததும் பழைய குருடியாகிவிடும். இது கேமராவோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகம் படிப்பதும் சோம்பேறிகளின் வேலை என்பது குமாஸ்தாவின் கட்சி.

கிளிக். மறுபடியும் கரி.

இரண்டு மேஜை விளக்குகளை மகளின் முகத்துக்கு நேரே திருப்பினார். வெளிச்சத்தை மறுபடி கூட்டி, இந்த முறை பேசாமல் அமுக்கினார்.

"என்னப்பா, ரெண்டு மூக்கு ஓட்டை மட்டும்தான் தெரியுது!"

"சி-2-க்குப் போவோம்."

சி-2, ஓடும் பஸ்ஸைக் கோடு கோடாக எடுப்பதற்காக அவர் சேமித்தது. மகளுக்கு மூன்று தலை விழுந்தது.

"ஆடாம இருன்னு சொன்னேன்ல?"

"மூச்சுதான்பா விட்டேன்."

மணி நாலே முக்கால். சி-3 எதற்கென்று அவருக்கே ஞாபகமில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை யாரோ கிழித்து மளிகைச் சாமான் எழுதியிருந்தார்கள். பட்டனை அமுக்கினார். கேமரா பீப் பீப் என்று கத்தியதே தவிர எடுக்கவில்லை. என்ன கேடு என்று திருப்பி உள்ளே உற்றுப் பார்த்தார். கிளிக். சி-3, பத்து விநாடி கழித்துத் தானே எடுத்துக்கொள்ளும் செட்டிங். அன்றைக்கு விழுந்ததிலேயே துல்லியமான படம் அதுதான்: குமாஸ்தாவின் மூக்கு முடி.

மகள் அழத் தொடங்கினாள். "ஒரு வருஷம் வீணாப்போயிடும்பா."

"நான் என்னம்மா பண்றது? இது கேமராவே இல்ல, டப்பா! கோளாறு பிடிச்சதை என் தலையில கட்டிட்டான்!" என்று அதைச் சோபாவில் எறிந்தார்.

அந்தப் பெண் எழுந்தாள். "நான் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா சார்?"

"எடு, எடு. நானே திணர்றேன், நீ என்னத்தக் கிழிக்கப்போற."

அவள் இரண்டு விளக்குகளையும் அணைத்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள். டயலைப் பச்சைக் கட்டத்துக்குத் திருப்பினாள்.

"ஐயோ, அது ஆட்டோம்மா!"

கிளிக்.

மகள் மகளாகவே இருந்தாள். கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "குருட்டு அதிர்ஷ்டம். போகப்போக கஸ்டத்துக்குப் பழகிடலாம். அடுத்த கிளாஸ் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு. லேட்டா வராதே."

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. மனைவி கொண்டுவந்த சார்ஜரையும் அட்டைப் பெட்டியையும் கேமராவோடு துணிப்பைக்குள் வைத்தாள். பர்ஸைத் திறந்தாள்.

"சொன்ன விலையே தர்றேன்க்கா. கேமராவுல ஒரு கோளாறும் இல்லைன்னு நீங்க விளம்பரத்துல போட்டிருந்தப்ப நான் நம்பலை. முக்கால் மணி நேரமா கண்ணால பார்த்துட்டேன், சத்தியமா கோளாறு கேமராவுல இல்ல."