ஏரிக்கரைக்கு எந்த வழி?

வேன் அதே மாதா கோயில் முன்னால் மறுபடியும் வந்து நின்றதும் அதை ஓட்டிவந்த நிக்கனோருக்கு வியர்த்துவிட்டது.

"அட, அதே கோயில்! இந்தத் தடவை வெயில் வேற பக்கம் விழுது பாருங்க," என்று கிரிசெல்டா அம்மாள் படம் எடுத்தாள். மெக்ஸிகோவின் மோந்தெரே நகரில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். 'மிச்சோவாக்கானின் பழைய ஊர்கள்: நிதானப் பயணம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்த எல்லோருமே நிதானத்தில் பூரித்துப்போயிருந்தார்கள்.

நிக்கனோர் மட்டும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏரிக்கரை மடத்தில் மதிய விருந்து. மெக்ஸிகோ நகரத்திலிருந்து முதலாளியே வருகிறார். போனில் குறுஞ்செய்தியிலேயே வேலை கொடுத்தவர், குறுஞ்செய்தியிலேயே எச்சரித்தும் விட்டார். விருந்துக்கு வேன் வந்து சேராவிட்டால் வேலை போச்சு.

மலைக்குள் செல்போன் எடுக்கவில்லை. சோளரொட்டி விற்பவளைக் கேட்டான்.

"நேரா போயி வலது பக்கம், தம்பி. கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

பாதை செங்கல் சூளையில் முடிந்தது.

"வலதா? எவ சொன்னா? இடதுல திரும்புய்யா," என்றார் சூளைக்காரர்.

இடதில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் மாமா ஓடிவந்து, ஆளுக்கொரு தமாலே கொழுக்கட்டையும் கொடுத்து, வழியும் சொன்னார். அந்த வழி மாதா கோயிலுக்கே வந்தது.

"தெரியாதுன்னு சொல்ல இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வாய் வராதா?" என்று கத்தினான் நிக்கனோர்.

"வழி கேட்டவங்களை வெறுங்கையோட அனுப்பினா மரியாதையா இருக்குமா தம்பி?" என்றாள் கிரிசெல்டா, கொழுக்கட்டையை மென்றபடி.

அடுத்த நாற்சந்தியில் இறங்கி, மஞ்சள் வேனில் சாய்ந்துகொண்டு விழித்தான். ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டிவந்த பெண்மணி எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, ஏரிக்கரைக்கு எப்படிப் போகணும்?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பாவம், நம்பிக் கேட்கிறாளே! கை தானாக நீண்டது.

"நேரா போங்கம்மா. சப்பாத்திக்கள்ளி வேலி வரும், அங்க இடது. அஞ்சே நிமிஷம்."

"நல்லா இருப்பே! இங்க உருப்படியா வழி சொன்னது நீ ஒருத்தன்தான்."

ஜீப் மறைந்ததும் நிக்கனோர் யோசித்தான். தான் சொன்ன வழியைத் தானே நம்புகிற அளவுக்கு அவன் ஏமாளி இல்லை. நேர் எதிர்ப்பக்கம் ஓட்டினான். ஏரி வந்தது.

மடத்து வாசலில் பரிமாறும் பெண் காத்திருந்தாள்.

"முதலாளி ரொம்பக் கோபமா இருக்காரா?" என்று மெல்லக் கேட்டான்.

"முதலாளி அம்மா இன்னும் வந்தே சேரலைங்க. எவனோ ஒரு மஞ்சள் வேன்காரன் பேச்சைக் கேட்டு, குவாரிச் சேத்துல ஜீப் மாட்டிக்கிச்சாம். குவாரி ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்க. பேரு தெரியலையாம், ஆனா அவன் மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்காம்."