விக்கலில் வந்த மல்லிகா

விக்கல் வந்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பார்கள். நினைப்பவரின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் விக்கல் நின்றுவிடுமாம். இதைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவேன். என் கல்யாணம் அவரால்தான் கவிழப் பார்த்தது.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் லாரி கம்பெனியில் எனக்கு வேலை. ஆழ்துளைக் கிணறு போடப் போகும் வண்டிகளுக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். வண்டி கிளப்பும் புழுதிக்குப் போட்டியாக நான் சிகரெட் ஊதிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிபாளையத்தில் பெண் பார்க்க நாள் குறித்ததும், அம்மா அவர்களிடம் போனில், "என்ற பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லீங்க. டீக்கடைப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டானுங்க" என்று சொல்லிவிட்டார். போனை வைத்த கையோடு என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். (முதலில் பொய், பிறகு அதை உண்மையாக்கும் முயற்சி. அம்மாவின் நேர்மை அப்படி.)

அங்கே புகைப்பழக்கத்தை விட உதவும் ஆலோசகர் ஒரு அட்டை நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தார். "சிகரெட் நெனப்பு வந்தா ஒண்ணே ஒண்ணு போடுங்க. மெதுவா மெல்லணும். வாயில சுருசுருன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வெச்சுரணும்" என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். காதில் விழுந்தது "மெல்லணும்" மட்டும்தான்.

பெண் பார்க்கப் போகிற காரில் சிகரெட் நினைப்பு வந்தது. ஒன்று போட்டேன். நினைப்பு போகவில்லை, இன்னொன்று. அவர்கள் வீதி திரும்பியதும் பயத்தில் மேலும் இரண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மாடு வைக்கோலை மெல்வதுபோல மென்று முடித்துவிட்டு உள்ளே போனேன்.

சோபாவில் உட்கார்ந்ததும் முதல் விக்கல். பெண் சுகன்யா காபி கொண்டு வந்து நின்றபோது, "நல்லா இருக்கீங்களா" என்று கேட்க நினைத்தேன். "நல்... ஹிக்!" என்று வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள், சர்க்கரை கொடுத்தார்கள். யாரோ ஒரு பெரியவர் முதுகில் ஒன்று வைத்தார். விக்கலோ இடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"ஆரோ நெனைக்கறாங்க" என்று தீர்ப்புச் சொன்னார் சுகன்யாவின் அத்தை. "பேரச் சொல்லிப் பாருங்க, நின்னுரும்."

அம்மா பக்கத்திலேயே இருந்ததால் அவர் கணக்கில் வரவில்லை. சேலத்துச் சித்தி, நாமக்கல் பெரியம்மா, குலதெய்வம் வரைக்கும் சொல்லியாயிற்று. எதற்கும் அசையவில்லை. உடன் வந்திருந்த என் தாய்மாமன் பொறுமையிழந்து, "டேய், உங்க ஆபீஸ்ல ஒருத்தி இருப்பாளே... மல்லிகா!" என்றார்.

நின்றுவிட்டது. அவர் வாயைத் திறந்த அதிர்ச்சியில்தான் நின்றது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். ஆனால் கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ஆருங்க அந்த மல்லிகா?" என்றார் சுகன்யாவின் அப்பா.

"ரொம்ப நல்லவங்க மாமா" என்றேன். (ஏன் அப்படிச் சொன்னேன் என்று கடவுளுக்கே வெளிச்சம்.) மல்லிகாக்காவின் பேரன் எல்கேஜி படிக்கிறான் என்பதைச் சொல்வதற்குள், அவர் "சரிங்க, கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார். அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சூயிங்கத்தைக் காட்டினால் மல்லிகா விவகாரம் தீரும், ஆனால் சிகரெட் வெளியே வந்துவிடும். எனக்கு சுகன்யாவைப் பிடித்துவிட்டிருந்தது. அழுகை வந்தது. கர்ச்சீப்பை உருவினேன். அட்டை அதோடு சேர்ந்து கீழே விழுந்தது.

எடுத்துப் பார்த்தவள் சுகன்யா. ஈரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.

"ஏனுங்க, எத்தன மென்னீங்க?"

"நாலு."

"ஒண்ணாவா?" என்றவள், சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, மல்லிகாவும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. இது சிகரெட்ட உடறதுக்குக் குடுக்கறது. கண்டபடி மென்னா விக்கல்தான் வரும்."

அம்மா உடனே, "அவனுக்கு முட்டாய்னா உசுருங்க" என்று ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார். யாரும் சட்டை செய்யவில்லை.

சுகன்யாவின் அப்பா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுல நெசமாலுமே உட முடியுமா சாமி?"

"நீங்கதான் எப்பவோ உட்டுட்டேன்னு சொன்னீங்கல்ல?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் என்னைவிட்டு அவர்மேல் திரும்பின. என் வாழ்க்கையில் ஒரு மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பாசம் பொங்கியதில்லை.

மாமனாரும் மருமகனும் ஒன்றாகவே ஆலோசகரிடம் போனோம். இந்த முறை அவர் சொன்னதை முழுசாகக் கேட்டேன். சிகரெட்டை விட்டு விட்டு மறுபடி பிடித்து, கடைசியில் ஒருவழியாக இருவருமே விட்டோம். சூயிங்கமும் போயிற்று. மல்லிகாதான் போகவில்லை. வீட்டில் எனக்கு விக்கல் வந்தால் சுகன்யா தண்ணீர் தருவதில்லை, "மல்லிகாக்கு போன் போடட்டுங்களா?" என்கிறாள். கதை ஆபீஸ் வரைக்கும் பரவிவிட்டது. அங்கே நான் லேசாக ஒரு விக்கல் விக்கினால் போதும். மல்லிகாக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொல்வார்:

"சத்தியமா நான் இல்லீங்க சாமி!"