சுரங்கத்துக்குப் போன கணவன்

இராஜபாளையம்,
செவ்வாய் மாலை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் ஜெபக்குமார் பணிவுடன் எழுதுவது. நானும் பியூலாவும் நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவின் மூட்டுவலியும் உங்கள் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறோம். போனில் சொன்னால் அக்கா பாதியில் அழுதுவிடுவாள் என்பதால் கடிதம்.

நீங்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் மில் மேனேஜர் வேலைக்குச் சம்மதிக்கிறேன். காரணம் ஆப்பிரிக்க இலக்கியம். இந்த வருஷம் கல்லூரியில் அந்தப் பாடத்தை என் தலையில் கட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. மலையில் மேகம் இறங்கியிருக்கும், பக்கத்து மில்லின் பஞ்சுத்தூள் சன்னல் வழியே மிதந்து வரும், பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள், நானும் அப்படித்தான். அந்த மயக்கத்தில் ஒரு நாவலை வாசித்துக் காட்டினேன். ஒருவன் தங்கச் சுரங்க வேலைக்குப் போகிறான், மனைவி குழந்தையோடு காத்திருக்கிறாள், அவன் வரவே இல்லை, கதை முடிந்தது. தளவாய்புரத்து மாரிச்செல்வி எழுந்தாள். அவள் அப்பா பட்டாளத்தில், காஷ்மீரில் இருக்கிறார்.

"அதெப்படி சார் வராமப் போவாவ? லீவு கிடைச்சிருக்காது."

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"எழுதினவியளுக்குப் பொறவு நடந்தது தெரிஞ்சிருக்காது," என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணைப் பார்த்தபின் நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

இன்று மதுரையிலிருந்து ஆனந்தவல்லி என்ற பேராசிரியை வகுப்பைப் பார்வையிட வந்து, முதல்வரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாவலின் முடிவைக் கேட்டார். "வந்துட்டாவ மேடம். மழை பெஞ்ச அன்னைக்கு," என்றாள் மாரிச்செல்வி. நான் குறுக்கிடுவதற்குள் முன் பெஞ்சிலிருந்த விமல், "லாரியில வந்தாவ. கால்ல அடி, அதான் இம்புட்டு லேட்டு," என்றான். பிறகு யார் யாரோ சொன்னார்கள். அடையாளம் தெரியாமலே மனைவி தண்ணீர் கொடுத்தாளாம். குடித்துவிட்டு அவன் அவளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டானாம். எனக்கே மண்வாசனை அடித்தது, அத்தான். பேராசிரியை குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, "குழந்தை அப்பாகிட்ட போச்சா?" என்று கேட்டார்.

"செத்த நேரம் அம்மா பின்னால ஒளிஞ்சிருந்துச்சு, மேடம். பொறவு போயிருச்சு," என்றாள் மாரிச்செல்வி.

மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் முதல்வர் அந்த நாவலைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர். "காலையில என் ரூமுக்கு வாங்க," என்றார். முகத்தில் ஈயாடவில்லை. ராஜினாமாவை எழுதிவிட்டேன். திங்களன்று மில்லுக்கு வந்துவிடுவேன்.

அக்காவுக்கு அன்பு, மருமக்களுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் மில்லையும், அதில் சேரப்போகும் என்னால் அதற்கு வரப்போவதையும் பார்த்துக்கொள்வாராக.

தங்கள்,
ஜெபக்குமார்

பி.கு. புதன் காலை. ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் இதை அனுப்புகிறேன். முதல்வர் கதவைச் சாத்தச் சொன்னார். "வந்தவன் திரும்பச் சுரங்கத்துக்குப் போயிட்டானா, இல்ல ஊரோட இருந்துட்டானா? எனக்குத் தூக்கமே இல்ல," என்றார். எனக்குத் தெரியாது, பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு மணிக்கு வகுப்பு. மில்லுக்கு வேறு ஆள் பாருங்கள்.