காலர் மைக்கா, நீள மைக்கா?

மைக் விஷயத்தில் இனி என் முடிவுதான் முடிவு என்று பல் துலக்கும்போதே சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வாயில் நுரை.

கல்யாண வீடியோ எடுப்பவன் நான். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுபவள் என் மனைவி. ஊரில் கேட்டுப் பாருங்கள், "அந்தம்மா வீடியோ பிரமாதம்" என்பார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கேமராவைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போனது எனக்கு. பேர் அவளுக்கு. வயிறு எரியாதா?

போன கல்யாணத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதபடி என்னவோ சொன்னார். படத்தில் கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெரிகிறது. சத்தத்தில் மட்டும் எவனோ, "ஃபேனைப் பெரிசா வைப்பா" என்கிறான். அந்த மனுஷர் நாலு தடவை போட்டுக் கேட்டார். பிறகு எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலம்மா வருகிறார். மகள் கல்யாணம். சாம்பிளில் பேச்சு தெளிவாகக் கேட்டால்தான் வேலை நமக்கு. அதற்குள் ஒரு மைக் வாங்கியாக வேண்டும்.

"காலர் மைக் வாங்குங்க. மாப்பிள்ளை சட்டையில குத்திட்டா மூச்சு விடறதுகூடக் கேக்கும்," என்றாள் மனைவி.

"கட்டை விரல் அளவுல ஒரு மைக்கா? கேமரா மேல முழ நீளத்துக்கு ஒண்ணு நிக்கணும். அப்பதான் கூட்டம் வழி விடும்."

"வழி விடுறதுக்கு ஹாரன் வாங்குங்க. மைக் எதுக்கு?"

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் ரோஷம் வராது? கடைக்காரரிடம் கெஞ்சி இரண்டு மைக்கையும் இரண்டு நாளுக்கு வாங்கி வந்தேன். கேமரா மேல் நீள மைக். என் சட்டையில் வயரில்லாத காலர் மைக். கேமராவை ஜன்னலோரம் அவள் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நின்று பத்து நிமிஷம் பேசினேன்.

சோதனை முடிந்ததும் எதிர்த்த டெய்லர் கடைக்கு ஓடினேன். வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வியர்வைக்குச் சட்டையில் இரண்டு பட்டனைக் கழற்றிவிட்டேன்.

"என்னண்ணே, மூஞ்சில பல்பு எரியுது?"

"ஜெயிச்சுட்டேன்யா! வேணும்னே மொடமொடன்னு புதுச் சட்டை போட்டு, மைக்கை அதுக்குள்ள குத்திட்டேன். சரக் சரக்னுதான் கேக்கும். இனி நீள மைக்தான்."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"அவளுக்கு என்னய்யா தெரியும்?" என்றேன். பிறகு குரல் தானாக இறங்கியது. "உனக்கு மட்டும் சொல்றேன். நான் எடுக்கிறதுல பாதிப் படத்துல தலை இருக்காது, மீதி ஆடும். எல்லாத்தையும் அவதான் ஒப்பேத்துறா. இதை அவகிட்ட ஒத்துக்கிட்டா, அந்த வீட்ல எனக்குன்னு என்னய்யா இருக்கு?"

டெய்லர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

வீடு திரும்பினேன். அவள் கையை நீட்டினாள். "சட்டையில இருக்கிற மைக்கைக் குடுங்க, சார்ஜ் போடணும்."

கொடுத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

"எது வாங்கலாம்?" என்றேன்.

"வக்கீலம்மாவே சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மா சோபாவில் உட்கார்ந்தார். மனைவி சாம்பிளைப் போட்டாள். எங்கள் ஜன்னலிலிருந்து எடுத்த படம். தெருவுக்கு அந்தப் பக்கம் டெய்லர் கடை. வாசலில் தீக்குச்சி அளவுக்கு நான் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

குரல் மட்டும் அறைக்குள் கேட்டது; பட்டனைக் கழற்றியிருந்ததில் சரக் சரக்கும் இல்லை. "வேணும்னே மொடமொடன்னு..."

கடைசிவரை ஓடியது. நடுவில் என் குரல் இறங்கியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

வக்கீலம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவு தூரத்துல பேசினது பக்கத்துல இருந்து பேசற மாதிரி கேக்குதே! எங்க கல்யாணத்துக்கும் இந்த மைக்தானே?"

"இதேதாங்க," என்றாள் மனைவி.

"படம் யாரு எடுப்பாங்க?"

அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது யாரு வேணா எடுக்கலாங்க."